சாப்பாட்டுக்குப் பிந்தைய ஒரு மணி நேரம்

போன மாதம் ஒரு நர்ஸ் எனக்குப் போன் செய்தாள். நான் இருந்த வார்டில் ஒரு காலத்தில் பயிற்சிக்கு வந்தவள். இப்போது வேறு ஊரில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். அவர்கள் ஆஸ்பத்திரியில், சாப்பிடப் பயப்படும் பிள்ளைகளுக்கென்று சில கட்டில்களை ஒதுக்கியிருக்கிறார்களாம். சாப்பாடு முடிந்ததும் ஒரு நர்ஸ் பக்கத்திலேயே ஒரு மணி நேரம் உட்கார வேண்டுமாம். சும்மா உட்காருவதற்கு எதற்குப் படித்த ஆள் என்று இளையவர்கள் முணுமுணுக்கிறார்களாம். "நீங்க அப்பவே அந்த வேலையப் பாத்தவரு சார். நாலு பக்கம் எழுதிக் குடுங்க, ஆண்டு மலர்ல போடுறோம்" என்றாள்.

சும்மா உட்காருவதில் எனக்குள்ள அனுபவத்தை என் மனைவியிடம் கேட்டிருந்தால் நாற்பது பக்கம் கிடைத்திருக்கும். என்னிடம் கேட்டதால் இவ்வளவுதான்.

படித்தது மதுரைப் பக்கம். ஊசி போடக் கற்றுக்கொண்டது ஆரஞ்சுப் பழத்தில். பழங்கள் ஒன்றும் புகார் செய்யவில்லை என்பதால் தேர்ச்சி கொடுத்தார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலிக்கு வந்து சேர்ந்தேன். ஆண் நர்ஸுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் 'பிரதர்' என்று பெயர். அதைத் தவிர எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது, 'வார்டு ரேடியோ'. வலியில் கிடப்பவனைச் சிரிக்க வைப்பேன் என்று எனக்கு ஒரு நினைப்பு. தையல் போட்ட வயிற்றைச் சிரிக்க வைத்துவிட்டு டாக்டரிடம் திட்டு வாங்கியதும் உண்டு.

எங்கள் வார்டுக்கு வந்த நோய்கள் எல்லாம் நேர்மையானவை. கன்வேயர் பெல்ட்டில் மாட்டிய கை, சுடுசாம்பலில் வெந்த கால், கண்ணில் விழுந்த தூள், குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் கொட்டிய தேள். வயிறு என்று எடுத்துக்கொண்டால், அதிகமாகத் தின்றவன், கெட்டதைத் தின்றவன் என்று இரண்டே வகை. எதிரே சோறு இருந்து, வயிற்றில் பசியும் இருந்து, அதைத் தின்றபின் கிடுகிடுவென்று நடுங்குகிற மூன்றாவது வகை ஒன்று உண்டு என்பது எண்பதுகளின் தொடக்கத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் பெயர் கலியபெருமாள். அனல்மின் நிலையத்தில் பாய்லர் மராமத்துப் பிரிவில் ஹெல்பர். சேத்தியாத்தோப்புப் பக்கம் ஒரு கிராமம். அப்பா இல்லை. அம்மா அஞ்சலை கூலிக்கு நாற்று நட்டு, களை பறித்து வளர்த்தவர். அந்த வீட்டுக்கு வந்த முதல் பெர்மனன்ட் வேலை அவனுடையது. ஆள் நல்ல வாட்டசாட்டம்.

பாய்லரின் உச்சியில் டிரம் என்று ஒரு நீளமான இரும்புப் பீப்பாய் உண்டு. பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கும் காலத்தில் அதற்குள் ஆள் நுழைந்து சுத்தம் செய்வார்கள். நுழையும் வழி முட்டை வடிவத்தில் ஒரு ஓட்டை. மேன்ஹோல் என்பார்கள். இரண்டு கையையும் தலைக்கு மேல் நீட்டி, மூச்சை வெளியே விட்டுவிட்டு, பாம்பு மாதிரி போக வேண்டும். கலியபெருமாளும் அந்த வருடம் போனான். பாதி போனான். மீதி வெளியே நின்றுவிட்டது.

உள்ளே இருந்தவர்கள் தோளைத் தள்ள, வெளியே இருந்தவர்கள் காலை இழுக்க, இடுப்பைச் சுற்றி கிரீஸ் பூசி, ஒரு வழியாக உருவி எடுத்திருக்கிறார்கள். அடுத்த ஷிப்ட் வருவதற்குள் கதை டவுன்ஷிப் முழுக்கப் போய்விட்டது. டீக்கடையில் எனக்கும் கிடைத்தது. நானும் சிரித்தேன். நன்றாகச் சொல்லப்பட்ட கதை. அவனும் கூடவே சிரித்தானாம். சிரித்துவிட்டு அன்று ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டானாம். அப்புறம் காலை இட்லியை. அப்புறம் ஒவ்வொன்றாக.

சில மாதம் கழித்து ஷிப்டில் மயங்கி விழுந்து எங்களிடம் வந்தான். ஸ்ட்ரெச்சரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். ஒருவரே போதும் போல இருந்தான். கன்னம் ஒட்டி, கையில் மெல்லிய பூனை முடி முளைத்து, நாடி எங்கேயோ தூரத்தில் நடந்து போகிற மாதிரி இருந்தது.

டி.பி. இல்லை. பூச்சி இல்லை. சர்க்கரை இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் காதல் தோல்வி என்றார். அவன் மாமா ஒருவர், புளியமரத்தடியில் எதையோ மிதித்திருக்கிறான், வேப்பிலை அடிக்க வேண்டும் என்று ஆளைக் கூட்டி வரப் போனார். அஞ்சலையம்மாள் மட்டும் தூக்குச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே மீன் குழம்பு. பஸ்ஸில் வந்ததில் பாதி சேலையில் கொட்டியிருந்தது.

எங்கள் டாக்டர் சரோஜினி அம்மா கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர். அவர் திட்டினால்கூட அது திட்டு என்று புரிய நாம் கொஞ்சம் குனிந்து கேட்க வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். நோயாளியிடம் உட்காரும் முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு கேள்வி கேட்பார். பதில் வரும் வரை காத்திருப்பார். பதில் வராவிட்டாலும் காத்திருப்பார். அந்த அமைதியில் எனக்குத்தான் வியர்க்கும். நான் ஏதாவது ஒரு ஜோக்கைப் போட்டு நிரப்பப் பார்ப்பேன். அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவே மாட்டார். அது போதும்.

வந்த புதிதில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கச் சொன்னார். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக இறக்கினால் இதயம் தாங்காது என்றார். அரைக் கிண்ணம் கஞ்சி, கொஞ்சம் பால், தினமும் ரத்தப் பரிசோதனை. அவன் குடித்தான். மறுக்கவில்லை. குடித்து முடித்த பிறகுதான் ஆரம்பிக்கும். நெற்றியில் வியர்வை பொடிக்கும். எழுந்து நிற்பான். இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வார்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடப்பான். சாப்பிட்டவுடன் நடப்பது நல்ல பழக்கம் என்று மற்ற நோயாளிகள் அவனைப் பாராட்டினார்கள். ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் அவனைப் பார்த்துத் தானும் நடக்கத் தொடங்கி, வழுக்கி விழுந்து, இன்னும் கொஞ்ச நாள் எங்களோடு தங்கினார்.

ஒரு நாள் மதியம், குளியலறைக்குள்ளிருந்து இரும்பு தரையில் விழுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் சரியாக விழாத கதவு. தள்ளிப் பார்த்தேன். கலியபெருமாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றுகொண்டிருந்தான். காலடியில் ஒரு கம்பி வளையம். முட்டை வடிவம். மேன்ஹோலில் அளவெடுத்து, ஒர்க் ஷாப்பில் கம்பியை வளைத்து, முனையைப் பற்ற வைத்து அவனே செய்தது. மெத்தைக்கு அடியில் வைத்திருந்திருக்கிறான். ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டபின் அதற்குள் நுழைந்து பார்ப்பான். நுழைந்துவிட்டால்தான் மூச்சு வரும்.

என் எதிரிலேயே மறுபடி எடுத்துத் தலை வழியாகப் போட்டான். அது எங்கேயும் உரசாமல், பெரிய வளையலைப் போல நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அவன் என்னைப் பார்த்தான்.

"இறுக்குது பிரதர்" என்றான்.

எனக்கு எந்த ஜோக்கும் வரவில்லை. அப்படி ஒரு நாள் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் என் மனைவி இனிப்பு வாங்கியிருப்பாள்.

டாக்டரம்மா வளையத்தைப் பார்த்தார். பிடுங்கவில்லை. அவனிடம் அனுமதி கேட்டு வாங்கி, தன் அறையில் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் கொடுப்பேன் என்றார். மெட்ராஸில் இருந்த தன் பழைய ஆசிரியருக்கு டிரங்க் கால் போட்டு வெகு நேரம் பேசினார். அப்புறம் என்னைக் கூப்பிட்டார்.

அவர் சொன்ன முறையை இப்போதும் மறக்கவில்லை. அவன் சாப்பிடும்போது கூட ஒருவர் இருக்க வேண்டும், தட்டைப் பார்க்கக் கூடாது. முடித்ததும் தட்டு கண்ணிலிருந்து மறைய வேண்டும். இறுக்கிக் கட்டிய பேன்ட்டும் பெல்ட்டும் வேண்டாம், தொளதொளவென்று வேட்டி. ஒரு மணி நேரம் நடை கிடையாது, குளியலறை கிடையாது, எடை பார்ப்பது கிடையாது. அவசரமென்றால் நானும் கூடப் போக வேண்டும். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும். பயப்படாதே என்று சொல்லக் கூடாது, நீ ஒல்லியாகத்தான் இருக்கிறாய் என்று வாதாடக் கூடாது.

"பயம் பொய்யினு நாம சொன்னா அவரு கேக்க மாட்டாருங். அது ஏறும், ஏறி நிக்கும், அப்புறம் தானா எறங்கும். எறங்குற வரைக்கும் பக்கத்துல ஒரு ஆள் வேணும், அவ்வளவுதானுங்" என்றார். வாசல் வரை போன என்னைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "பிரதர், சாப்பாட்டப் பத்தி ஜோக்கு வேண்டாமுங். உடம்பப் பத்தியும் வேண்டாம்."

என் கையிருப்பு மொத்தமும் அந்த இரண்டு சரக்குதான். ஒரே உத்தரவில் கடையை மூடிவிட்டார்.

முதல் நாள் மதியம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசியதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது. மழை வருமா என்று கேட்டேன். பஸ் எல்லாம் நேரத்துக்கு வருகிறதா என்றேன். என் மாமியாரைப் பற்றி ஆரம்பித்தேன். அவர் செய்யும் அதிரசத்தில் கதை போய் முட்டப் போகிறது என்று தெரிந்ததும் மாமியாரை நடுவழியிலேயே இறக்கிவிட்டேன். கடைசியில் துவைத்துக் காய்ந்த பேண்டேஜ் துணிகளைக் கொண்டு வந்து போட்டேன். இரண்டு பேரும் சுருட்டினோம். அவன் சுருட்டியது உருளை மாதிரி கச்சிதமாக இருக்கும். என்னுடையது தூங்கி எழுந்த தலைமுடி மாதிரி இருக்கும். சத்தம் போடாமல் என்னுடையதைப் பிரித்து மறுபடி சுருட்டுவான். அப்படித்தான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது.

பயம் எப்படி இருக்கிறது என்று விசாரிக்க ஒரு வழியும் அவனே கொடுத்தான். பாய்லரில் பிரஷர் மீட்டர் இருக்கும் அல்லவா, முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆபத்து. "முள்ளு எங்கடா நிக்குது?" என்பேன். "சிவப்புல பிரதர்" என்பான். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டால், "சிவப்புலதான்." மறுபடி கேட்டால், "கொஞ்சம் எறங்கி இருக்குது." ஒரு மணி நேரம் முடிந்ததும் டாக்டரம்மா அறைக்குப் போய் வளையத்தைக் கேட்பான். அவர் எழுந்து எடுத்துக் கொடுப்பார். நாள் போகப் போக அதைத் தலையில் போடும் வேகம் குறைந்தது. ஒரு நாள் வாங்கிக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அதற்கடுத்த வாரம் கேட்காமலே இருந்த வேளைகளும் உண்டு.

வெளியிலிருந்து பார்த்தால் இது வேலையாகவே தெரியாது. மூன்று வேளை, மூன்று மணி நேரம், ஒருவன் நடுங்குவதை நிறுத்தாமல், நிறுத்தச் சொல்லாமல், கூட இருப்பது. எலும்பு முறிந்தவனைத் தூக்கிப் படுக்க வைத்த நாளில் முதுகு வலிக்கும். இந்த வேலையில் எங்கே வலிக்கிறது என்று கைவைத்துக் காட்ட முடியாது. வீட்டுக்குப் போய்த் தட்டின் முன் உட்கார்ந்தால் எனக்கே சோறு இறங்காது. மனைவி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அஞ்சலையம்மாளையும் பழக்க வேண்டியிருந்தது. வந்தவுடன் அவர் கண் தட்டுக்குத்தான் போகும். மகன் ஒவ்வொரு கவளம் எடுக்கும்போதும் அவர் வாயும் கூடவே திறந்து மூடும். அதைப் பார்த்ததும் அவன் கை நின்றுவிடும். டாக்டரம்மா சொல்லிப் புரிய வைத்தபோது அந்த அம்மாள் தூக்குச் சட்டியின் மூடியை எடுத்து இறுக்கி மூடினார். பிறகு, "நா சோறு போட்டுத்தாங்க அந்த ஒடம்ப வளத்தேன். அதப் போயி சிரிச்சானுங்களே" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அன்றிலிருந்து மகன் சாப்பிடும்போது முதுகைக் காட்டி உட்கார்ந்து, சுவரைப் பார்த்து ஆட்டுக் குட்டிகளின் கதையைச் சொல்லத் தொடங்கினார். சுவரும் நானும் அந்த ஆடுகள் எல்லாவற்றின் பெயரையும் தெரிந்துகொண்டோம்.

கொஞ்சம் சதை பிடித்தது. நாடி பக்கத்தில் வந்தது. அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

அவனுடைய ஷிப்ட் ஆட்கள், போர்மேன் உட்பட, ஒரு கும்பலாக வந்தார்கள். கையில் பண்ருட்டிப் பலாப்பழம். அத்தனை பேருக்கும் மனது உறுத்தல். எதையாவது நல்லதாகச் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று வந்தவர்கள். நோயிலிருந்து எழுந்தவனைப் பார்த்தால் நம் ஆட்கள் நல்லதாக என்ன சொல்வார்கள்? போர்மேன் அவன் தோளைப் பிடித்து உலுக்கி, "ஒரு சுத்து பூசினாப்ல ஆயிட்டடா. இப்பதான் மனுசனா தெரியற" என்றார். மற்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். கன்னத்தைக்கூட ஒருவன் கிள்ளினான். நான் மருந்து வண்டியோடு அந்தக் கோடியில் இருந்தேன். ஓடி வந்து சேர்வதற்குள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள்.

அவர்கள் போனதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். "அவனுங்களுக்கே தெரியுது இல்ல? வளையத்தக் குடுங்க பிரதர். இப்பவே குடுங்க."

சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகவில்லை, கொடுக்கவில்லை. அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போனது என்று எழுதத் தெம்பில்லை. ராத்திரித் தட்டு அப்படியே திரும்பிப் போனது. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். நாங்கள் அவ்வளவு நாள் கட்டியதை ஒரு அன்பான வாக்கியம் இடித்துவிட்டுப் போய்விட்டது. நாடி மறுபடி தள்ளிப் போகத் தொடங்கியது. இந்த முறை உடம்பில் சேமிப்பு இல்லை, சீக்கிரம் கைமீறும் என்று டாக்டரம்மா சொன்னார். அவர் முகத்தில் களைப்பை அன்றுதான் பார்த்தேன். என்னை இந்த வேலையிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று கேட்கத்தான் நான் அவர் அறைக்குப் போயிருந்தேன். அவர், "முதல்ல இருந்து ஆரம்பிக்கலாமுங்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். மெல்லிய குரலில் அது ஒரு கஷ்டம், எதிர்த்துப் பேச நமக்குச் சத்தம் வராது.

அரைக் கிண்ணக் கஞ்சியிலிருந்து மறுபடி தொடங்கினோம். போர்மேனைக் கூப்பிட்டு டாக்டரம்மா பேசினார். அந்த மனிதர் இடிந்து போய்விட்டார். அடுத்த ஞாயிறு தனியாக வந்து, எதைச் சொன்னாலும் தப்பாகிவிடுமோ என்று கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் வீட்டு நாய்க்குக் காதில் சொறி வந்த கதையைத் தொடங்கி விசிட்டிங் நேரம் முடியும் வரை சொன்னார். கலியபெருமாள் கடைசியில், "வேப்பெண்ண தடவுங்க" என்றான். ஒரு வாரத்தில் அவன் தானாகப் பேசியது அதுதான்.

ஒரு மதியம், அவன் கஞ்சியைத் தாண்டி மறுபடி சோற்றுக்கு வந்திருந்த சமயம். சாப்பிட்டு முடித்துவிட்டான். நான் பேண்டேஜ் துணியை எடுத்துக்கொண்டு உட்காரப் போகிறேன், கேஷுவல்டியிலிருந்து ஆள் ஓடி வந்தான். சாலையில் பஸ் கவிழ்ந்து ஆட்களைக் கொண்டு வந்திருந்தார்கள். வார்டில் கைக்கு அகப்பட்ட எல்லாரையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மாவும் போய்விட்டார். கலியபெருமாள் என்னைப் பார்த்தான். முள் சிவப்பில் இருந்தது, கேட்கத் தேவையில்லை. நான் போனேன். தையல், கட்டு, ரத்தம், அழுகை. கை அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. மனது இங்கேயே இருந்தது.

திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. கட்டில் காலி. குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டினேன். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். தோளால் மோதித் திறந்தேன். உள்ளே இருந்தவர் மூல நோய்க்காரர். அவர் என்னைச் சொன்ன வார்த்தைகளை மலரில் போட மாட்டார்கள்.

அவன் வார்டின் பின் வராந்தாவில் இருந்தான். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் தலையைச் சரித்து அஞ்சலையம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கால் விரல் இடுக்கில் வயல் சேறு காய்ந்திருந்தது. அவன் அசையாமல், சுவரோடு சுவராக இருந்தான்.

"காலீல நடவுக்குப் போயிட்டு அப்பிடியே பஸ் ஏறி வந்திருக்குது" என்றான் ரகசியமாக. "நீங்க போனதும் வந்திச்சி. ஆட்டுக் கத சொல்லிக்கினே தூங்கிட்டுது. எழுந்தா முழிச்சிக்கும்."

"முள்ளு?" என்றேன்.

"ஏறிச்சி பிரதர். கோட்டத் தாண்டிப் போச்சி. செத்துருவேன்னு நெனச்சேன். எங்க போவறது, இது மேல சாஞ்சிக்கினு கெடக்குது." அம்மாவின் தலை சரியாமல் தோளைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டான். "அப்பறம் அதுவா எறங்கிச்சி. யாரும் ஒண்ணும் பண்ணல."

அவனுக்கு மறுபக்கம் தரையில் உட்கார்ந்தேன்.

அன்றோடு குணமாகிவிட்டான் என்று எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள். அப்படியெல்லாம் ஆகவில்லை. அதற்குப் பின்னும் திரும்பிப் போன தட்டுகள் உண்டு. வீட்டுக்குப் போய் மறுபடி வந்து படுத்ததும் உண்டு. ஆனால் அந்த மதியத்துக்குப் பின் அவன் வளையத்தைக் கேட்கவில்லை. டாக்டரம்மா மாற்றலாகிப் போகும்போது, பீரோவை நகர்த்திய ஆட்கள் அதைப் பழைய இரும்போடு போட்டுவிட்டார்கள். அவனிடம் சொன்னேன். அப்படியா என்றான். வேலையில் அவனை வால்வ் பழுது பார்க்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓட்டைக்குள் நுழைய வேண்டிய அவசியம் இல்லாமல் பல வருடம் ஷிப்ட் பார்த்தான். கல்யாணம் ஆயிற்று, குழந்தைகள் ஆயிற்று. தன் மகன் பேரனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துவிட்டுத்தான் அஞ்சலையம்மாள் கண்ணை மூடினார்.

நர்ஸ் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது என்ன என்று யோசித்தேன். அதிகம் இல்லை. களைப்பாக இருக்கும். பலன் கண்ணுக்குத் தெரியாது. எழுந்து போகலாம் என்று தோன்றும்போது இன்னும் கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

கலியபெருமாள் இப்போது பக்கத்து பிளாக்கில் மகனோடு இருக்கிறான். அவனும் ஓய்வு பெற்றுவிட்டான். வீட்டுச் சாப்பாட்டில் தொந்தரவு இல்லையாம். கல்யாணப் பந்திதான் இன்னும் கொஞ்சம் சிரமம். டவுன்ஷிப்பில் எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், இலை எடுத்ததும் கையைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடி வருவான். மண்டபத்தின் ஓரமாக இரண்டு நாற்காலி போட்டு உட்காருவோம். அவன் பேச மாட்டான், நானும் பேச மாட்டேன். இரண்டு கிழவர்களுக்குள் ஏதோ மனஸ்தாபம் என்று சமாதானம் செய்து வைக்க வந்தவர்கள்கூட உண்டு. ஒரு மணி நேரம் போனதும் அவன் பெருமூச்சு விட்டு எழுந்து வேட்டியை உதறிக்கொள்வான்.

எனக்கு எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காது. அவன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும்.